கடந்துபோகிறவர்களுக்கு மட்டும்

ஃபெர்ன் கிஸ்ட்லரைக் கண்டு முகம் மலர்ந்த ஆள் ஒருவர்கூட அந்த மலைமுதுகில் கிடையாது. சாரைப்பாம்பைக் கண்டால்கூட நாலு பேர் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஃபெர்னைக் கண்டால் படுக்கையைச் சுருட்ட ஆரம்பிப்பார்கள்.

வேலை அப்படி. தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் புறப்பட்டு வடக்கே மெய்ன் வரை மாதக்கணக்கில் நடக்கிறவர்களின் பாதை, பென்சில்வேனியாவுக்குள் நுழைந்ததும் பாதை என்கிற மரியாதையை இழந்துவிடும். அப்புறம் வெறும் கல்தான். தட்டையான கல்லே கிடையாது. எல்லாம் செங்குத்தாக, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் கல். இங்கே வந்துதான் காலணிகள் வாயைப் பிளக்கும், கால்விரல் நகங்கள் கறுக்கும், காதலர்கள் பேச்சை நிறுத்துவார்கள். இந்த ஊர்த் தொண்டர்கள் வசந்தகாலம் வந்தால் அரத்தை எடுத்துக்கொண்டு மலையேறி ஒவ்வொரு கல்லையும் கூர் தீட்டிவிட்டு வருகிறார்கள் என்பது நடக்கிறவர்களின் பழைய கேலி. ஃபெர்னிடமே யாராவது அதைச் சொன்னால் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாது. "ஆமா, இந்த வருஷம் ஆள் பத்தலை. பாதிக் கல்லைத்தான் தீட்ட முடிஞ்சுது. மன்னிச்சுக்கோங்க" என்பாள்.

பாதையைப் பராமரிக்கும் சங்கம் கோடைகாலத்துக்கு மட்டும் அவளை வேலைக்கு வைத்திருந்தது. ரீடர் கணவாய்க்கும் டோலன் கணவாய்க்கும் நடுவே நடந்து, கூடாது என்ற இடத்தில் கூடாரம் அடித்தவர்களை நல்ல வார்த்தை சொல்லி எழுப்பி அனுப்ப வேண்டும். அதற்கு முன்னால் தலை நரைக்கும்வரை பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள். புருஷன் வில்மர் ஒருநாள் மீன் பிடித்துவிட்டு வருகிறேன் என்று ஃபுளோரிடா போனான். அவனுக்கு இன்னும் மீன் மாட்டவில்லை போலிருக்கிறது. பேருந்தை விட்டு இறங்கியபோது, இனிமேல் யாரையும் "உக்காரு, கத்தாதே" என்று அதட்ட வேண்டாத ஒரு வேலை வேண்டும் என்று நினைத்தாள். மலை அமைதியாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். இப்போது "எழுந்திரு, இங்கே படுக்காதே" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

அந்த மலைமுதுகு முழுக்க வேட்டைத் துறையின் காடு. மான் சுடுகிறவர்களுக்காக வைத்திருக்கும் காட்டில் மற்றவர்கள் தங்கக் கூடாது. நீண்ட பாதையில் நடக்கிறவர்களுக்கு மட்டும் போனால் போகிறது என்று ஒரு சலுகை. ஊற்றிலிருந்து ஐந்நூறு அடி தள்ளியிருக்க வேண்டும். பாதையிலிருந்து இருநூறு அடிக்குள் இருக்க வேண்டும். ஓர் இடத்தில் ஓர் இரவுதான். எல்லாவற்றுக்கும் மேலே, அவர் "கடந்துபோகிறவராக" இருக்க வேண்டும். அதாவது ஓர் இடத்தில் தொடங்கி வேறோர் இடத்தில் முடிப்பவர். தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருகிறவர் கடந்துபோகிறவர் இல்லை. அவர் சும்மா சுற்றிப் பார்க்க வந்தவர். அவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் அதை எழுதியவர் அங்கே படுத்துப் பார்த்ததில்லை. சட்டப்படியான இடமெல்லாம் கல். கல் இல்லாத ஒரே இடம் சட்டப்படி கூடாது. ஊற்றுக்குப் பக்கத்தில், ஓக் மரங்களுக்கு நடுவே, வழித்து வைத்தாற்போல ஒரு சமதரை. நடக்கிறவர்கள் அதற்கு "மெத்தை" என்று பெயர் வைத்திருந்தார்கள். ஜார்ஜியாவிலேயே ஒருவருக்கொருவர் சொல்லிவிடுவார்கள்: பென்சில்வேனியாவில் ஒரு மெத்தை இருக்கிறது, அதுவரை தாங்கு. தாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தால் ஃபெர்ன் நிற்பாள். "இன்னும் ரெண்டு மைல் போனா ஒரு இடம் இருக்கு" என்பாள். முதுகுக்குப் பின்னால் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. "இன்னும் ரெண்டு மைல் வருது, சுருட்டு சுருட்டு" என்று மரத்துக்குப் பின்னாலிருந்து யாரோ கிசுகிசுப்பது அவள் காதில் விழும். விழாத மாதிரி நடப்பாள்.

போன வாரம் வேட்டைத் துறையின் காவலன் கேலன் ஹோக் சங்கத்துக் கொட்டகைக்கு வந்தான். ஃபெர்னின் பேருந்தில் பள்ளிக்கூடம் போனவன்தான். இன்றைக்கு இடுப்பில் துப்பாக்கி, மார்பில் பித்தளை வில்லை.

"மிஸஸ் கிஸ்ட்லர், ஊத்துக்குப் பக்கத்துல மறுபடியும் அடுப்புக் கல்லு. தண்ணியில நூடுல்ஸ் மிதக்குது."

"நேத்துதான் கலைச்சேன் கேலன்."

"நீங்க கலைக்கிறீங்க, அவங்க அடுக்குறாங்க. எனக்கு மேல இருக்கிறவங்க கேக்குறாங்க. அடுத்த சனிக்கிழமை காலையில வருவேன். அந்த மலையில சட்டத்துக்கு விரோதமா ஒரு கூடாரம் பார்த்தேன்னா, ஒண்ணே ஒண்ணு, ரெண்டு கணவாய்க்கும் நடுவுல யாருக்குமே தங்கல் கிடையாதுன்னு எழுதிடுவேன். எழுதினா நடந்துடும்."

அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று ஃபெர்னுக்குத் தெரியும். அந்தக் கல்வெளியை ஒரே மூச்சில் தாண்ட வேண்டும். பாதிப்பேருக்கு நடுவழியில் இருட்டிவிடும். இருட்டில் அந்தக் கல்லில் கால் வைத்தால் எலும்பு என்ன ஆகும் என்பதை அவள் நாலைந்து முறை பார்த்திருக்கிறாள்.

ஆகவே மெத்தையைக் கெடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள், பனிப்பாறை நடுவது என்று பெயர். பெரிய கல்லைப் புரட்டி, முக்கால் பங்கை மண்ணுக்குள் புதைத்து, கூர்முனையை மட்டும் மேலே விடுவது. நெருக்கமாக நட்டுவிட்டால் அங்கே நாய்கூடச் சுருண்டு படுக்காது. சங்கத்து ஆட்கள் வந்து பாதி நட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். மீதியை ஃபெர்ன் வாரம் முழுக்க ஒற்றை ஆளாக நட்டாள். உலகத்திலேயே கல் அதிகமான மலையில், கல் இல்லாத ஒரே இடத்துக்குக் கல் சுமக்கிற வேலை. இதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசிக் கல். கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாள். கல் குழிக்குள் இறங்குகிற மாதிரி பாசாங்கு செய்து, மனதை மாற்றிக்கொண்டு திரும்பி உருண்டது. வலது முட்டியில் 'நொறுக்' என்று ஒரு சத்தம். ஃபெர்ன் உட்கார்ந்தாள். அவளே நட்ட கல்லின் மேல்தான் உட்கார்ந்தாள். கல் தன் வேலையைச் சரியாகச் செய்தது.

எழுந்து நிற்கப் பார்த்தாள். முட்டி பன் போல ஊதிக்கொண்டிருந்தது. அவளுடைய வண்டி தெற்கே ரீடர் கணவாயில் நின்றது. காலையில் அங்கிருந்துதான் ஏறி வந்தாள். இறக்கம்தான், தூரமும் குறைவுதான், ஆனால் முழுக்க உருட்டுக் கல். இந்தக் காலோடு இருட்டுவதற்குள் இறங்க முடியாது.

அப்போதுதான் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள்.

அந்தப் பாதையில் யாரும் அப்பா அம்மா வைத்த பெயரோடு நடப்பதில்லை. கூட நடக்கிறவர்கள் வைக்கிற பெயர்தான் பெயர். முன்னால் வந்த ஒல்லிப் பெண்ணுக்கு ஊறுகாய் என்று பெயர்; தசைப்பிடிப்புக்கு நல்லதென்று ஊறுகாய் ஜாடித் தண்ணீரை மடக்கு மடக்கென்று குடிப்பாள். பின்னால் வந்த தாடிக்காரருக்குப் பாதிரி என்று பெயர். மிதிக்கிற ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாகக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறவர் என்பதால்.

பாதிரி மெத்தையைப் பார்த்தார். மெத்தையில் முளைத்திருந்த கற்களைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எந்தப் படுபாவிடா இதைச் செஞ்சான்? அவன் வீட்டுக் கட்டில்ல கள்ளிச்செடி முளைக்க!"

"நான்தான்" என்றாள் ஃபெர்ன், கல்லின் மேல் உட்கார்ந்தபடி.

ஊறுகாய் சிரித்துவிட்டாள். அப்புறம் முட்டியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கழுத்துத் துணியை அவிழ்த்து ஊற்று நீரில் நனைத்து வந்து முட்டியைச் சுற்றிக் கட்டினாள். அது பழைய மீன் நாற்றம் அடித்தது. ஆனால் சில்லென்று இருந்தது.

"மேடம், அவசர உதவிக்கு போன் பண்ணலாமா?"

"வேண்டாம். இந்த மலைக்குத் தீயணைப்புக் குழுதான் வரும். என் அக்கா புருஷன்தான் அதுக்குத் தலைவர். இருபது பேர் தூக்குக்கட்டிலோட வருவாங்க. இந்தக் கல்லுல என்னைத் தூக்கிட்டு இறங்கும்போது இன்னும் மூணு பேருக்கு முட்டி போகும். அது போதாதுன்னு கிறிஸ்துமஸ் வரைக்கும் பேச்சு அதுதான்."

"அப்போ இங்கேயே எங்கயாவது ராத்திரி படுத்துக்கோங்க. என் கூடாரத்துல இடம் தரேன்."

"நான் படுக்கக் கூடாது."

"ஏன்?"

"நான் கடந்துபோறவ இல்லை."

இருவரும் விழித்தார்கள். ஃபெர்ன் விளக்கினாள். அவள் ரீடர் கணவாயில் தொடங்கினாள், ரீடர் கணவாயில்தான் முடிப்பாள், வண்டி அங்கே நிற்கிறது. மதியம் கேலன் அந்தப் பக்கம் ரோந்து போனபோது அவள் வண்டியைப் பார்த்து வழக்கம்போல ஹாரன் அடித்தது மலைமேல்வரை கேட்டது. காலையில் அவன் வரும்போது இந்த மலையில் சட்டத்துக்கு விரோதமாக ஒரு கூடாரம் இருக்கும். அதற்குள் சங்கத்துக் காவலாளியே படுத்திருப்பாள்.

"ஆபத்துக்குப் பாவமில்லை மேடம். அவசரம்னு சொல்லுங்க" என்றார் பாதிரி.

"எத்தனை வருஷமா எல்லாரும் என்கிட்ட அவசரம்னுதான் சொல்றாங்க. சாக்ஸ் நனைஞ்சா அவசரம். காதலி கோவிச்சுக்கிட்டா அவசரம். ஒருத்தன் அழுதுக்கிட்டே சொன்னான், பிறந்தநாளாம். அத்தனை பேரையும் கிளப்பி அனுப்பினேன்." ஃபெர்ன் முட்டியைத் தடவினாள். "இப்போ எனக்கு மட்டும் அவசரமா?"

ஊறுகாய் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு திருட்டு மாம்பழம் கண்ட பிள்ளையின் முகம் அவளுக்கு வந்தது.

"வண்டி டோலன் கணவாயில நின்னா?"

"என்னது?"

"நீங்க ரீடர்ல தொடங்கிட்டீங்க. அதை மாத்த முடியாது. எங்க முடிக்கிறீங்கங்கிறது இன்னும் நடக்கலையே. வண்டியை யாராவது வடக்குப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டா, நீங்க அங்கதானே முடிப்பீங்க? ஓர் இடத்துல தொடங்கி வேறோர் இடம். கடந்துபோறவங்க!"

பாதிரி அவளை உற்றுப் பார்த்தார். "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும், இல்லே ஜெயில்ல இருந்திருக்கணும்."

ஃபெர்ன் யோசித்தாள். இது ஏமாற்று இல்லையா? வண்டி எங்கே நிற்கிறது என்று சட்டத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. நடக்கிற ஆள் எங்கே முடிக்கிறார் என்பதுதான் சட்டம். ஆனால் வண்டி ரீடரில் நிற்கும்வரை காலையில் மனசு கிட்டத்து வழியில்தான் இறங்கச் சொல்லும். அவளுக்குத் தன் மனசைத் தெரியும். வண்டி வடக்கே போய்விட்டால் அப்புறம் வேறு வழியே இல்லை. நடந்தே தீர வேண்டும். அப்படி நடந்துவிட்டால் அது ஏமாற்று இல்லை.

பக்கத்துப் பாறையின் மேல் ஒற்றைக் கோடு சிக்னல் கிடைக்கும். இருவரும் அவளைக் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். வீட்டில் அக்கா ஆர்லீனிடம் மாற்றுச் சாவி இருந்தது, அவள் புருஷன் மேலனிடம் இன்னொரு வண்டி இருந்தது.

"ஆர்லீன், நான்தான். என் வண்டியை எடுத்துட்டுப் போய் டோலன் கணவாயில நிறுத்தணும். மேலனைக் கூட்டிட்டுப் போ, திரும்பி வர வண்டி வேணும்ல."

"ஏன்டி? அடுப்புல கோழி பொரிச்சுக்கிட்டிருக்கேன். உன் வண்டிக்கு என்ன, காத்து வாங்கணுமா?"

"முட்டி கொஞ்சம் சரியில்லை. ராத்திரி இங்கதான் படுக்கப் போறேன்."

அந்தப் பக்கம் ஒரு கரண்டி விழுகிற சத்தம். "மேலன்! பூட்ஸைப் போடு! பையன்களைக் கூப்பிடு! இவ காலை உடைச்சுக்கிட்டு..."

"ஆர்லீன்! யாரையும் கூப்பிட்டே, அப்புறம் அந்தப் பீங்கான் கோப்பையை உடைச்சது யாருன்னு மேலன்கிட்ட சொல்லிடுவேன்."

எண்ணெய் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அது அவரோட அம்மா குடுத்த கோப்பைடி" என்றாள் ஆர்லீன் தாழ்ந்த குரலில்.

"அதனாலதான் சொல்றேன்."

"நீ மனுஷியே இல்லை. எங்க நிறுத்தணும்? பலகைக்குப் பக்கத்துலயா?"

"ஆமா. நல்லாத் தெரியற மாதிரி."

இனி இடம். ஊற்றிலிருந்து ஐந்நூறு அடி. பாதிரி எட்டு வைத்து அளக்கிறேன் என்றார். உங்கள் எட்டு எவ்வளவு நீளம் என்று எனக்கெப்படித் தெரியும் என்றாள் ஃபெர்ன். கரடிக்குப் பயந்து சாப்பாட்டுப் பையை மரத்தில் தொங்கவிடும் கயிறு ஊறுகாயிடம் இருந்தது. ஐம்பது அடி. ஊற்றங்கரையில் ஒரு முனையைப் பிடித்து, வடக்கே பத்து முறை போட வேண்டும்.

"வடக்கே எதுக்கு? தெக்க வழி சுமாரா இருக்கே?"

"தெக்க போனா வந்த வழியே திரும்புறேன்னு ஆயிடும்."

பாதிரி வானத்தைப் பார்த்து, வானத்துக்கும் இரண்டு வார்த்தை சொன்னார்.

ஃபெர்ன் நடக்கவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தாள். ஒரு கல்லில் உட்கார்ந்து, இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கி அடுத்த கல்லில் வைப்பது. கால்சட்டையின் பின்பக்கம் கிழிந்தது. ஒரு கயிறு முடிந்ததும் மூச்சு வாங்குவாள். ஊறுகாய் அடுத்ததைப் போடுவாள். நடுவில் ஒருமுறை கயிறு ஒரு பாறையைச் சுற்றி வளைந்திருந்ததைக் கண்டு ஃபெர்ன் மறுபடி நேராகப் போடச் சொன்னாள். பத்து முடிந்தபின், "இன்னும் ஒண்ணு போடு. கேலன் கயிறு இழுத்துப் பிடிச்சு அளப்பான்" என்றாள்.

"இன்னும் ரெண்டு மைல்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்று முணுமுணுத்தார் பாதிரி, "இன்னும் ஒரு கயிறு புதுசு."

ஃபெர்ன் திரும்பிப் பார்த்தாள். பாதிரியின் தாடிக்கு மேலே இருந்த இடமெல்லாம் சிவந்துவிட்டது.

"எனக்கு அந்தப் பேர் தெரியும்" என்றாள் அவள். "பரவாயில்லை. பஸ்ஸுல வச்ச பேர் இதைவிட மோசம்."

அளவு முடிந்த இடம் ஒரு சரிவு. அங்கேயும் கல். கடப்பாரையால் பாதிரியும் ஊறுகாயும் கற்களைப் பெயர்த்தார்கள். வாரம் முழுக்க கல்லை நட்ட கடப்பாரை இப்போது கல்லைப் பிடுங்கியது. ஃபெர்ன் சாய்வாக நின்ற ஒரு பெரிய ஓக்கில் முதுகைக் கொடுத்தபடி, எந்தக் கல் எங்கே இருந்தது என்று பார்த்துக்கொண்டாள். காலையில் திரும்ப வைக்க வேண்டும், இன்னொரு மெத்தை உருவாகிவிடக் கூடாது. "சாமி சத்தியமா, இந்தம்மா கல்லுக்குக்கூட வீட்டு விலாசம் வச்சிருக்கு" என்றார் பாதிரி.

சாப்பாட்டுக்கு அவர்கள் உருளைக்கிழங்கு மாவில் நூடுல்ஸைக் கொட்டிக் கிளறினார்கள். பசி இல்லாதவர் அதைச் சாப்பாடு என்று சொல்லமாட்டார். ஃபெர்னின் பையில் பீட்ரூட்டும் வினிகரும் கலந்த சாற்றில் ஊறிய சிவப்பு முட்டைகள் இருந்தன. டப்பாவை நீட்டினாள். ஊறுகாய் அதை வாங்கி முட்டைகளைப் பாதிரியோடு பங்குபோட்டுவிட்டு, டப்பாவிலிருந்த புளிப்புச் சாற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். கண்ணைத் திறந்தபோது கண்ணில் நீர்.

"எவ்வளவு நாளா மெத்தை மெத்தைன்னு நினைச்சுக்கிட்டே வந்தேன் தெரியுமா மேடம்?"

"தெரியும்" என்றாள் ஃபெர்ன்.

வேறென்ன சொல்வது? மன்னிப்புக் கேட்கிற விஷயமில்லை. அந்தச் சமதரையைக் கெடுத்ததால்தான் மலை மிச்சம். ஆனால் அதை அந்தப் பெண்ணின் காலணியைப் பார்த்துக்கொண்டே சொல்ல முடியாது. காலணியின் நுனி பிளந்து, நடுவிரல் வெளியே எட்டிப் பார்த்தது.

ஒருவர் படுக்கிற கூடாரத்தில் இருவர் படுத்தார்கள். இடுப்புக்குக் கீழே பெயர்க்க முடியாத ஒரு கல் இருந்தது. அதை ஒட்டி உடம்பை வளைக்க ஃபெர்ன் கற்றுக்கொள்வதற்குள் ஊறுகாய் தூங்கிப்போயிருந்தாள், வாயைத் திறந்துகொண்டு, பேருந்தின் பின்சீட்டில் தூங்கும் குழந்தை மாதிரி.

காலையில் கூடாரத்துக்கு வெளியே பூட்ஸ் சத்தம்.

"யாரது உள்ளே? வேட்டைத் துறை. வெளியே வாங்க."

முதலில் ஊறுகாயின் தலை வந்தது. அப்புறம் ஃபெர்னின் தலை வந்தது. கேலன் ஹோக் ஓரடி பின்னால் போனான்.

"மிஸஸ் கிஸ்ட்லர்?"

"காலை வணக்கம் கேலன்."

"நீங்களா? நீங்களேவா?" அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "சொன்னேனே. ஒண்ணே ஒண்ணுன்னு சொன்னேனே!"

"அளந்து பாரு."

அவன் அளந்தான். ஊற்றங்கரையிலிருந்து நாடாவை இழுத்துக்கொண்டு வந்தான். பாதையிலிருந்தும் அளந்தான். வந்து நின்றபோது முகத்தில் குழப்பம். "தூரம் சரிதான். அடுப்பு இல்லை. ஊத்துப் பக்கம் சுத்தமா இருக்கு. ஆனா நீங்க... உங்க வண்டி ரீடர்ல நின்னுதே. நேத்து நான் பார்த்தேனே."

"இப்போ டோலன்ல நிக்குது."

"எப்படிப் போச்சு?"

"ஆர்லீன்."

கேலன் ஊறுகாயைப் பார்த்தான். அவள் வானத்தில் ஏதோ பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிரி தன் கூடாரத்தை மிகுந்த கவனத்தோடு மடித்துக்கொண்டிருந்தார். கேலனுக்குப் புரிய ஆரம்பித்தது. உதட்டைக் கடித்தான், சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை.

"அப்போ நீங்க டோலன் வரைக்கும் நடக்கப் போறீங்க. இந்த முட்டியோட."

"சட்டத்துல முட்டியைப் பத்தி ஒண்ணும் இல்லை."

அவன் குனிந்து முட்டியைப் பார்த்தான். தர்பூசணி மாதிரி இருந்தது. நிமிர்ந்தபோது காவலன் குரல் போய் வேறு குரல் வந்தது.

"மிஸஸ் கிஸ்ட்லர், கீழே காட்டு ரோட்டுல என் ஜீப் நிக்குது. நாங்க மூணு பேரும் தூக்கினா கால் மணி நேரத்துல இறக்கிடலாம். ஏறுங்க, வீட்டுல விடறேன். நான் எதுவும் பார்க்கலை. எதுவும் எழுதலை."

ஜீப்பின் சீட் எப்படி இருக்கும் என்று ஃபெர்னுக்குத் தெரியும். மெத்தென்று இருக்கும், நாய் முடி அப்பியிருக்கும். காலை நீட்டிக்கொள்ளலாம். உடம்பில் ஒவ்வோர் எலும்பும் தனித்தனியாக "சரி சொல்லு" என்றது. ஒரு வாரத்துக் கல் முழுக்கத் தோளில் இன்னும் இருந்தது.

"என்னைப் பார்க்கலைன்னு விட்டுட்டா," என்றாள் மெதுவாக, "அடுத்த வாரம் ஊத்துக்கரையில படுத்திருக்கிற எவனையாவது பார்த்தேன்னு எப்படிடா சொல்லுவே? அவன் கேப்பான், அந்தக் கிழவியை மட்டும் விட்டியேன்னு. அப்புறம் நான் எந்த வாயால ஒருத்தரை எழுந்திருன்னு சொல்றது?"

"யாருக்கும் தெரியாது."

"இந்தப் பாதையிலயா? நான் நேத்து கிழிச்ச கால்சட்டை இந்நேரம் வர்ஜீனியா வரைக்கும் தெரிஞ்சிருக்கும்."

கேலன் தொப்பியை வைத்துக்கொண்டான். "அப்போ நடங்க" என்றான். கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னான். திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனான்.

கற்களைப் பழைய இடத்தில் வைத்தார்கள். பாதிரி ஓக் கிளை ஒன்றை இரண்டாகப் பிளந்து முட்டிக்கு இரண்டு பக்கமும் வைத்துக் கட்டினார். கட்டும்போது ஒரு கெட்ட வார்த்தைகூட வரவில்லை. கடப்பாரையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, டோலனில் பலகையடியில் வைத்துவிட்டுப் போகிறேன் என்றார். ஊறுகாய் தன் ஊன்றுகோல்கள் இரண்டையும் கொடுத்தாள். கூடவே நடக்கிறோம் என்றார்கள். கொஞ்ச தூரம் நடக்கவும் செய்தார்கள். ஃபெர்ன் மூன்று எட்டு வைக்கும் நேரத்தில் அவர்கள் முப்பது எட்டு வைத்துவிட்டுத் திரும்பி நின்றார்கள்.

"போங்க" என்றாள் ஃபெர்ன். "நீங்க நின்னா நான் அவசரப்படுவேன். அவசரப்பட்டா விழுவேன்."

"என் கோல்?"

"கணவாயில கடப்பாரைக்குப் பக்கத்துல உக்காந்திரு. இல்லேன்னா போய்க்கிட்டே இரு, அடுத்த ஊர்க் கடைக்குக் கோலை அனுப்பி வைக்கிறேன்."

ஊறுகாய் திடீரென்று வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். பழைய மீன் நாற்றம். பிறகு இருவரும் மரங்களுக்குள் போனார்கள். பாதிரி திட்டுவது கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

ஃபெர்ன் நடந்தாள். இத்தனை வருடமாக அவள் இரண்டு பக்கக் கணவாயிலிருந்தும் பாதி வரை ஏறி, பாதி வரை இறங்கித்தான் பழக்கம். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒருபோதும் போனதில்லை. வேலைக்கு அது தேவைப்படவில்லை. கோலை ஊன்றி, நல்ல காலை வைத்து, கெட்ட காலை இழுத்து, பெருமூச்சு விட்டாள். மறுபடி கோலை ஊன்றினாள். புளூபெரிப் புதர்கள் இருந்த இடத்தில் உட்கார்ந்து, கைக்கெட்டிய பழங்களைத் தின்றாள். எதிரே தெற்கு நோக்கி வந்த ஓர் இளைஞன், "முன்னால இடம் ஏதாவது இருக்கா, படுக்க?" என்று கேட்டான். அவள் வாயைத் திறந்தாள். தூரத்தைச் சொல்லலாம் என்று பார்த்தாள். அது இப்போது எவ்வளவு தூரம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இருக்கு. ஊத்தைத் தாண்டினதும் தேடாதே, கல்லு. முன்னாடியே, சாய்வா நிக்கிற பெரிய ஓக்குக்கு அடியில. மேல கிடக்கிற கல்லைத் தள்ளிக்கோ, காலையில திரும்ப வச்சுடு. இடுப்புக்குக் கீழே ஒரு கல் மட்டும் அசையாது, இடது பக்கமா வளைஞ்சு படு" என்றாள்.

அவன் நன்றி சொன்னான். முகம் மலர்ந்துதான் சொன்னான். அதை யோசிக்க அவளுக்கு அப்போது தெம்பில்லை.

வெயில் சாய்ந்து, நிழல்கள் நீண்டு, கடைசி இறக்கத்தில் அவள் மறுபடி உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினாள். மரங்களுக்கிடையில் தார்ச்சாலை கறுப்பாகத் தெரிந்தது. பலகை, அதன் அடியில் கடப்பாரை. பலகைக்குப் பக்கத்தில் அவள் வண்டி, ஆர்லீன் கோணலாக நிறுத்தியிருந்தாள். வண்டிக்குப் பக்கத்தில் வேட்டைத் துறை ஜீப். கேலன் அதன் பம்பரில் உட்கார்ந்திருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. காலடியில் மூன்று காபிக் குவளைகள் கிடந்தன.

ஃபெர்ன் கோலைச் சாலையில் ஊன்றினாள். பிறகு நல்ல காலை வைத்தாள். பிறகு மற்றதை.

கேலன் எழுந்து நின்றான். கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான்.

"நேத்து ராத்திரி மேல மூணு பேர்" என்றான். "மூணு பேரும் கடந்துபோறவங்கதான். அப்படித்தான் எழுதப் போறேன்."

"எழுது."

அவள் தன் வண்டியின் படியில் சரிந்து உட்கார்ந்தாள். காலணிக்குள் கால் வீங்கி இறுகியிருந்தது. கயிற்றை அவிழ்க்கக் குனிந்தாள். இடுப்பு பாதி வழியில் மறுத்துவிட்டது. மறுபடி முயன்றாள். அதுவும் ஆகவில்லை. கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அப்படியே இருந்தாள்.

கேலன் வந்து, துப்பாக்கி இடுப்பில் இடிக்க, அவள் காலடியில் மண்டியிட்டு உட்கார்ந்தான். முடிச்சில் விரலை விட்டான்.

"மூக்கைப் பிடிச்சுக்கோ கேலன்" என்றாள் ஃபெர்ன்.